பகடை உருட்டுவதா, புள்ளி பங்கிடுவதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் பிள்ளைகள் செல்போனைக் கீழே வைத்துவிட்டு ஒன்றாக உட்கார்ந்து ஆடக்கூடிய விளையாட்டுகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை வரவேற்கிறோம். பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம், தாயம் ஆகியவற்றோடு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற கதை விளையாட்டுக்கும் அரைப் பக்கம் ஒதுக்கியது நல்ல காரியம். ஆனால் அந்த அரைப் பக்கத்தில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டு ஆட உட்காரும் வீடுகளில் முதல் நாளே மனத்தாங்கல் வரும் என்பதால் இதை எழுதுகிறோம்.

கட்டுரையைத் தவறவிட்டவர்களுக்கு விளையாட்டைப் பற்றி நாலு வரி. நான்கைந்து பேர் ஆளுக்கொரு கதாபாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் கதையை நடத்துவார். அவர் டஞ்சன் மாஸ்டர். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆறு திறன்கள்: உடல்வலு, லாவகம், தாக்குப்பிடிக்கும் சக்தி, அறிவு, விவேகம், வசீகரம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அந்த ஆறு எண்களைப் பகடை உருட்டிப் பெறுவதா, கொடுத்த புள்ளிகளைப் பங்கிட்டு வாங்குவதா என்பதுதான் கேள்வி.

முதல் பிழை. ஆறு முகப் பகடை நான்கை உருட்டி, சிறியதைக் கழித்து மற்ற மூன்றையும் கூட்டும் முறையில் சராசரியாக 10.5 கிடைக்கும் என்று அச்சாகியிருக்கிறது. அது மூன்று பகடையை அப்படியே கூட்டினால் வரும் சராசரி. நான்கில் சிறியதைக் கழித்தால் சராசரி 12.24 ஆகும். இரண்டாவது பிழை இன்னும் பெரியது. புள்ளி முறையில் ஒவ்வொரு திறனும் 8இல் தொடங்கும், ஏற்றிக்கொள்ளக் கையில் 27 புள்ளி இருக்கும்; ஓர் எண் ஏற ஒரு புள்ளி என்று கட்டுரை பொதுவாகச் சொல்லியிருக்கிறது. 13 வரைக்கும்தான் அப்படி. 13லிருந்து 14க்கு ஏற இரண்டு புள்ளி, 14லிருந்து 15க்கு ஏற மேலும் இரண்டு. இதைக் கவனிக்காமல் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு புள்ளியாகக் கணக்குப் போட்ட பிள்ளை மூன்று திறனுக்கு 15 எடுத்தால் 21 புள்ளிதான் செலவானதாக நினைக்கும். உண்மையில் மொத்தம் 27ம் அங்கேயே தீர்ந்துவிட்டது. மீதி ஆறு புள்ளியையும் அது வேறெங்கோ போட்டு வைத்திருக்கும். பக்கத்தில் சரியாகக் கணக்குப் போட்ட பிள்ளைக்கு நஷ்டம்.

சரியான விலைப்பட்டியல் இது. 8க்கு விலை இல்லை. 9க்கு 1, 10க்கு 2, 11க்கு 3, 12க்கு 4, 13க்கு 5, 14க்கு 7, 15க்கு 9. கையிருப்பு 27. எட்டுக்குக் கீழே இறங்கவும் கூடாது, பதினைந்துக்கு மேலே வாங்கவும் கூடாது. 2014ஆம் ஆண்டு விதிப்புத்தகத்தில் வந்த இந்தப் பட்டியல்தான் 2024 பதிப்பிலும் தொடர்கிறது.

பிழைகளைத் திருத்துவதோடு நிறுத்தியிருப்போம். ஆனால் "பகடைதான் அசல் முறை, புள்ளி முறை பின்னால் வந்த கணக்கு வாத்தியார் வேலை" என்ற தொனியில் கட்டுரை முடிகிறது. அதை ஏற்க முடியவில்லை.

பகடை முறை மூத்தது என்பது உண்மைதான். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் இந்த விளையாட்டை வெளியிட்டபோது மூன்று பகடையை ஆறு முறை உருட்டி, விழுந்த வரிசையிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். உடல்வலுவுக்கு 6 விழுந்தால் 6தான். நான்கு உருட்டி ஒன்றைக் கழிக்கும் சலுகை 1979இல் வந்த டஞ்சன் மாஸ்டர் கையேட்டில் இடம்பெற்றது. ஆனால் அந்தக் காலத்தில் இந்த எண்களுக்கு எவ்வளவு எடை இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1981இல் வந்த எளிய பதிப்பை எடுத்துக்கொள்வோம். அதில் 9 முதல் 12 வரை எந்த எண் இருந்தாலும் ஆட்டத்தில் உருட்டும் பகடையோடு கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. மூன்று பகடையில் சாத்தியமான 216 விதங்களில் 104 விதம் இந்த 9-12க்குள் விழும். அதாவது உருட்டியதில் ஏறக்குறைய பாதி எண்கள் ஆட்டத்தில் எதையும் மாற்றாது. பாத்திரம் சட்டென்று செத்தும் போகும். பத்து நிமிடத்தில் இன்னொன்றை உருட்டிக்கொண்டு உட்காரலாம்.

இப்போது அப்படி இல்லை. இன்றைய விதியில் 10ம் 11ம் மட்டும்தான் பூஜ்யம். 12க்கே +1. 14க்கு +2, 16க்கு +3, 18க்கு +4. கீழே 9க்கும் 8க்கும் -1, 7க்கும் 6க்கும் -2. நான்கு பகடை முறையில் 1296 விதங்களில் 270 மட்டுமே 10 அல்லது 11. ஐந்தில் நான்கு எண்கள் ஆட்டத்தில் ஏதாவது ஒரு பக்கம் இழுக்கும். பாத்திரத்தை உருவாக்கவும் ஒரு மணி நேரம் ஆகிறது. பெயர், ஊர், குடும்பம், பகை என்று கதை எழுதி, மாதக்கணக்கில் அதே பாத்திரத்தோடு ஆடுகிறார்கள். எண்கள் லேசாக இருந்த காலத்து முறையை எண்கள் கனமாகிவிட்ட ஆட்டத்துக்கு அப்படியே கொண்டுவருவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. புள்ளி முறையும் நேற்று முளைத்ததல்ல. 1981இல் வந்த சாம்பியன்ஸ், 1986இல் வந்த கர்ப்ஸ் ஆகிய விளையாட்டுகள் முழுக்கவே புள்ளியில் பாத்திரம் அமைப்பவை.

பகடை என்றாலே அதிர்ஷ்டம், அதிர்ஷ்டம்தானே விளையாட்டின் ருசி என்று கேட்பவர்களுக்கு நம் தாயத்தையே காட்டலாம். தாயக்கட்டையில் இரண்டு பித்தளைக் கோல்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம்: ஒன்று வெறுமை, மற்றவற்றில் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி. இரண்டையும் சேர்த்தால் 16 விதம். தாயம் விழ ஒரு கோல் ஒன்றும் மற்றது வெறுமையுமாக நிற்க வேண்டும்; அது 16இல் 2, எட்டில் ஒன்று. இரண்டு கோலும் வெறுமையாக நின்றால் பன்னிரண்டு; அது 16இல் ஒன்று. அடிக்கடி விழுவது மூன்று, 16இல் நான்கு. தாயம் விழாமல் காய் இறங்காது என்பதால் சில சமயம் பத்துப் பதினைந்து சுற்றுகூடக் கைகட்டி உட்கார வேண்டியிருக்கும். ஆனாலும் யாரும் கோபித்துக்கொண்டு எழுந்து போவதில்லை. ஏன்? அடுத்த சுற்றில் கோல் மறுபடியும் கைக்கு வரும். ஆட்டம் முடிந்தால் எல்லோரும் மறுபடி பூஜ்யம்.

பாத்திரத் திறனுக்கு உருட்டும் பகடை அப்படிப்பட்டதல்ல. முதல் நாள் முதல் பத்து நிமிடத்தில் ஆறு முறை உருட்டுகிறோம். அந்த ஆறு எண்கள் அடுத்த ஆறு மாதத்துக்கு ஒவ்வொரு வாரமும் கூடவே வரும். பாத்திரம் அனுபவம் சேர்த்து நான்காம் நிலைக்குப் போன பிறகுதான் எண்ணைச் சற்று உயர்த்திக்கொள்ள வாய்ப்பு. வாரம் ஒரு முறை ஆடும் குழுவுக்கு அது பல வாரங்கள் தள்ளி. ஆட்டத்துக்குள்ளே இருபது முகப் பகடையை ஒரு மாலையில் முப்பது நாற்பது தடவை உருட்டுகிறோமே, அந்த அதிர்ஷ்டம் தாயம் மாதிரி. கெட்டதும் நல்லதும் கலந்து ஓரளவு சமன் ஆகிவிடும். தொடக்கத்தில் விழுந்த ஆறு எண்களுக்குச் சமன் ஆகும் வழியே கிடையாது. பகடையை நாங்கள் குறை சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை உருட்டியதை ஆறு மாதம் சுமக்க வைப்பதைத்தான் சொல்கிறோம்.

இடைவெளி எவ்வளவு வரும்? நான்கு பகடை முறையில் ஒருவரின் ஆறு எண்களின் கூட்டுத்தொகை சராசரியாக 73.5. ஆனால் அது சுமார் 7 இப்படியோ அப்படியோ அலையும். ஏறத்தாழ எட்டில் ஒருவருக்குக் கூட்டுத்தொகை 65ஐத் தாண்டாது. தாயம் விழும் வாய்ப்பு எவ்வளவோ, நோஞ்சான் பாத்திரம் விழும் வாய்ப்பும் அவ்வளவே. ஐந்து பேர் உருட்டினால் அதிகம் பெற்றவருக்கும் குறைவாகப் பெற்றவருக்கும் சராசரியாக 16 எண் வித்தியாசம் இருக்கும். +1, +2 என்று மாற்றினால் அது ஆறு திறனிலுமாகச் சேர்த்து எட்டுப் படி. ஒருவருக்கு 18 ஒன்றாவது விழ 9.3 சதவீதம் வாய்ப்பு. ஐந்து பேரில் யாராவது ஒருவருக்கு விழ 39 சதவீதம். அதே ஐந்து பேரில் யாருக்காவது 7 அல்லது அதற்கும் கீழே ஒன்று விழ 83 சதவீதம்.

இதை ஆட்டத்தில் வைத்துப் பார்த்தால்தான் புரியும். கதை சேர்வராயன் மலையில் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மழை பெய்து ஓய்ந்த நேரம், கிளியூர் அருவிக்கு வழுக்குப் பாறையில் இறங்க வேண்டும். டஞ்சன் மாஸ்டர் 15 எட்டினால் இறங்கலாம் என்கிறார். லாவகம் 18 உள்ளவருக்கு +4. இருபது முகப் பகடையில் 11 விழுந்தால் போதும், பாதிக்குப் பாதி. லாவகம் 7 உள்ளவருக்கு -2. அவருக்கு 17 வேண்டும், ஐந்தில் ஒரு முறை. ஒரு தடவை என்றால் சிரித்துக்கொண்டே போய்விடலாம். அருவி, அடுத்து குகை, அடுத்து மரப்பாலம் என்று மூன்று வாரம் இதே நடந்தால், கீழே விழுபவர் எப்போதும் அதே பிள்ளைதான்.

அப்புறம் நடப்பது இந்த விளையாட்டை நடத்துகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தப் பிள்ளை தன் பாத்திரத்தை வேண்டுமென்றே பள்ளத்தில் குதிக்க வைக்கும். செத்தால் புதிதாக உருட்டலாம் அல்லவா? டஞ்சன் மாஸ்டர் மனம் இரங்கி மந்திர மோதிரம் ஒன்றைக் கொடுத்தால் மற்றவர்கள் "அவனுக்கு மட்டும் ஏன்?" என்பார்கள். எந்தப் பக்கம் போனாலும் கதை நின்றுவிடும். பெரியவர்கள் மட்டும் ஆடும் மேசையில் இதைப் பேசித் தீர்க்கலாம். பன்னிரண்டு வயதில் அது கஷ்டம்.

பகடைதான் வேண்டும் என்கிறவர்கள் அதையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும். பல வீடுகளில் நடப்பது பகடை முறையே அல்ல. "சரியில்லை, இன்னொரு தடவை உருட்டிக்கோ" என்று விடுவார்கள். ஆறு எண் சேர்ந்தது ஒரு தொகுதி; மூன்று தொகுதி உருட்டி நல்லதை எடுத்துக்கொண்டால் கூட்டுத்தொகைச் சராசரி 73.5லிருந்து 79க்கு மேல் போய்விடும். கெஞ்சத் தெரிந்த பிள்ளைக்கு 79, கூச்சப்படுகிற பிள்ளைக்கு 73. வீட்டிலேயே உருட்டி எழுதிக்கொண்டு வரச் சொல்வதும் இதே வில்லங்கம்தான். எழுதி வந்தது பொய்யாக இருக்க வேண்டியதில்லை, சந்தேகம் ஒன்று போதும். எல்லோர் முன்னிலையிலும், ஒரே இடத்தில், ஒரே தொகுதி. மறு உருட்டல் உண்டென்றால் எந்த நிலையில் உண்டு என்பதை முதல் பகடை விழுவதற்கு முன்பே எழுதிவைத்துவிட வேண்டும்.

உருட்டும் இடமும் முக்கியம். சேலத்து வீட்டில் எவர்சில்வர் தட்டுக்கா பஞ்சம்? ஆனால் வெறும் தட்டில் பகடை துள்ளி வெளியே ஓடும், விளிம்பில் சாய்ந்து நிற்கும். தட்டின் உள்ளே பழைய துண்டை நான்காக மடித்து விரித்தால் சத்தமும் அடங்கும், பகடையும் படுக்கும். சாய்ந்து நின்றதும் தட்டுக்கு வெளியே விழுந்ததும் செல்லாது. அந்த ஒன்றை மட்டும் மறுபடி உருட்ட வேண்டும், நான்கையும் அல்ல. நான்கு பகடை இல்லாமல் லூடோ பெட்டியின் ஒரே பகடையை நான்கு முறை உருட்டுகிறவர்கள் நான்கு எண்ணையும் எழுதிவிட்டுப் பிறகு அடிக்க வேண்டும். மனக்கணக்கில் அடித்தால் தப்பு வரும். அதிகம் நடக்கும் தப்பு இது: 5, 3, 3, 6 விழுந்தால் சிறியது 3 என்று இரண்டு மூன்றையும் அடித்து 11 என்று எழுதிவிடுவார்கள். ஒன்றைத்தான் அடிக்க வேண்டும், விடை 14.

பகடையே நேர்மையானதா என்று பார்ப்பதும் சுலபம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில், சுமார் 200 மில்லி, உப்பைக் கரைத்துக்கொண்டே போக வேண்டும். அறுபது எழுபது கிராம் கரைந்ததும் பெரும்பாலான பிளாஸ்டிக் பகடைகள் மிதக்கத் தொடங்கும். மிதக்கும் பகடையை விரலால் சுண்டிவிட்டு எந்த முகம் மேலே வந்து நிற்கிறது என்று பத்துத் தடவை பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் ஒரே முகம் மேலே வந்தால் அந்தப் பக்கம் உள்ளே காற்றுக்குமிழி இருக்கிறது. எவ்வளவு உப்புப் போட்டும் அடியிலேயே கிடக்கிறதென்றால் அது கனமான பொருள். அதற்கு இந்தச் சோதனை பயன்படாது. அப்போது 120 முறை உருட்டி எண்ணிப் பார்க்க வேண்டியதுதான். ஒவ்வொரு முகமும் 20 தடவை விழ வேண்டும். 12லிருந்து 28 வரை இயல்பு. ஒரே முகம் 35 தடவை விழுந்தால் அந்தப் பகடையைப் பரமபதத்துக்கு ஒதுக்கிவிடலாம்.

புள்ளி முறைக்கு வருவோம். ஒரு மலைக்காட்டு வழிகாட்டியை உருவாக்க வேண்டும் என்று கொள்வோம். லாவகமும் விவேகமும் முக்கியம், மலையேறத் தாக்குப்பிடிக்கும் சக்தியும் வேண்டும். லாவகம் 15, விலை 9. விவேகம் 14, விலை 7. தாக்குப்பிடிக்கும் சக்தி 14, விலை 7. இதுவரை 23. வலு 10, அறிவு 10, ஆளுக்கு 2. மொத்தம் 27. வசீகரம் 8, விலை இல்லை. பட்டியலைப் பார்த்து எழுதினால் பத்து நிமிட வேலை.

இங்கே நுணுக்கம் ஒன்று உண்டு. வாங்கி முடித்த பிறகு பொதுவாக ஒரு திறனின் எண்ணுக்கு +2, இன்னொன்றுக்கு +1 இலவசமாகக் கிடைக்கும். 2014 பதிப்பில் இது பாத்திரம் மனிதரா, எல்ஃபா என்ற இனத்தைப் பொறுத்தது, 2024 பதிப்பில் அதன் பின்னணியைப் பொறுத்தது. பெரிய கூட்டலைப் பெரிய எண்ணோடு சேர்ப்பதுதான் எல்லோருக்கும் தோன்றும். லாவகம் 15 + 2 = 17, விவேகம் 14 + 1 = 15. ஆனால் 17க்கும் 16க்கும் ஒரே +3தான். 15க்கும் 14க்கும் ஒரே +2தான். மாற்றிப் போட்டால் லாவகம் 15 + 1 = 16, விவேகம் 14 + 2 = 16; இரண்டுமே +3. ஒற்றைப்படைக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு இரண்டு. இலவசக் கூட்டலை முதலில் சேர்த்துவிட்டு அப்புறம் விலை பார்ப்பது இன்னொரு தவறு. விலை எப்போதும் கூட்டலுக்கு முந்தைய எண்ணுக்குத்தான். 16க்குப் பட்டியலில் விலையே கிடையாது.

புள்ளி முறையின் குறையையும் மறைக்கக் கூடாது. சராசரியில் பகடைக்கே சற்று லாபம். நான்கு பகடை முறையில் ஆறு எண்களைப் பெரியதிலிருந்து அடுக்கினால் சராசரியாக முதல் எண் 16ஐ ஒட்டி வரும். புள்ளியில் 15 தாண்டாது. தொடக்கத்தில் 18 என்பது புள்ளி முறையில் நடக்கவே நடக்காது. அதைவிட வருத்தமானது, நாலு பேர் வீரன் பாத்திரம் எடுத்தால் நாலு பேருக்கும் 15, 15, 15, 8, 8, 8 என்று ஒரே அச்சில் வார்த்த கொலுசு மாதிரி எண்கள். அறிவிலும் வசீகரத்திலும் 8 வைத்து வலுவை ஏற்றுவது பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். இதற்கு மருந்து டஞ்சன் மாஸ்டர் கையில்தான் இருக்கிறது. வசீகரம் 8 உள்ள வீரனை லீ பஜார் மண்டியில் வெல்லத்துக்குப் பேரம் பேச அனுப்புங்கள். மாடுகள் மிரண்டு ஓடும்போது எல்லோரையும் விவேகத்துக்கு உருட்டச் சொல்லுங்கள். ஆறு திறனுக்கும் கதையில் வேலை இருந்தால் மூன்றை மட்டும் கொழுக்க வைக்க யாரும் துணிய மாட்டார்கள். சண்டை மட்டுமே நடக்கும் மேசையில் புள்ளி முறை சப்பென்றுதான் இருக்கும். அதை ஒப்புக்கொள்கிறோம்.

கணக்கே வேண்டாம், சமமாகவும் இருக்க வேண்டும் என்றால் 15, 14, 13, 12, 10, 8 என்ற நிலையான ஆறு எண்களை எல்லோருக்கும் கொடுத்து, எதை எங்கே வைப்பது என்பதை மட்டும் அவரவர் தீர்மானிக்கலாம். இதன் விலையும் சரியாக 27தான். பத்து வயதுக்குக் கீழே இதுவே போதும்.

உருட்டும் பரபரப்பும் வேண்டும், ஏற்றத்தாழ்வும் வேண்டாம் என்கிறவர்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, மேசை முழுவதற்கும் ஒரே தொகுதி. ஐந்து பேர் ஆளுக்கு ஒரு முறை நான்கு பகடை உருட்ட வேண்டும், ஆறாவதை டஞ்சன் மாஸ்டர் உருட்டுவார். வந்த ஆறு எண்களும் எல்லோருக்கும் பொது. பந்தியில் எல்லா இலைக்கும் ஒரே சமையல் பரிமாறுவது போல. யாரோ ஒருவர் 17 போட்டால் மேசையே கைதட்டும், ஏனென்றால் அது எல்லோருக்கும் கிடைத்த 17. 6 விழுந்தால் அந்த 6ஐ யார் எங்கே ஒளித்து வைக்கிறார்கள் என்று பார்ப்பதே தனிச் சுவாரசியம்.

இன்னொன்று சீட்டு. வீட்டிலிருக்கும் சீட்டுக்கட்டிலிருந்து ஆறுகள் நான்கு, ஐந்துகள் நான்கு, நான்குகள் நான்கு, மூன்றுகள் இரண்டு, இரண்டுகள் இரண்டு, ஏஸ் இரண்டு என்று 18 சீட்டு எடுக்க வேண்டும். ஏஸுக்கு மதிப்பு 1. நன்றாகக் கலைத்து, கவிழ்த்து, மும்மூன்றாக ஆறு குவியல் வைத்துத் திறக்க வேண்டும். ஒவ்வொரு குவியலின் கூட்டலும் ஒரு திறன். மூன்று ஆறு சேர்ந்து 18ம் வரலாம், இரண்டு ஏஸோடு ஒரு இரண்டு சேர்ந்து 4ம் வரலாம். ஆனால் யார் எப்படிக் கலைத்தாலும் ஆறு குவியலின் மொத்தம் 72தான். நிலையான ஆறு எண்களின் மொத்தமும் அதே 72.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. மொத்தம் ஒன்றாக இருந்தாலும் பலன் ஒன்றாக இருக்காது. ஒற்றைப்படை எண் ஒவ்வொன்றிலும் அரைப் படி வீணாகிறது. மொத்தம் 72 என்பதால் ஒற்றைப்படைக் குவியல்கள் 0, 2, 4, 6 என்றுதான் வர முடியும். ஒன்றுமே இல்லாவிட்டால் ஆறு திறனின் மொத்தப் பலன் +6. இரண்டு இருந்தால் +5. நான்கு என்றால் +4. ஆறுமே ஒற்றைப்படை என்றால் +3. அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு மாற்றம் அனுமதிக்கலாம்: ஒற்றைப்படை எண் ஒன்றிலிருந்து ஒன்றைக் குறைத்து, இன்னொரு ஒற்றைப்படை எண்ணில் ஏற்றிக்கொள்ளலாம். 13ம் 11ம் இருந்தால் 14ம் 10ம் ஆகும். 13 தந்த +1 இப்போது +2. 11 தந்த பூஜ்யம் 10லும் பூஜ்யம். இழப்பில்லாமல் ஒரு படி ஏறும். இப்படி ஒரு மாற்றத்துக்குப் பிறகு எல்லோரும் +4க்கும் +6க்கும் இடையில் வந்து நிற்பார்கள்.

ஒரே மாலையில் முடிந்துவிடும் கதைக்குப் பகடையே போதும். மூன்று பகடை, விழுந்த வரிசையில், பழைய முறைப்படி. வலு 5 உள்ள வீரன் ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவையும் மூச்சிரைக்க ஏறி வருவது மூன்று மணி நேரத்துக்கு நல்ல வேடிக்கை. அவனைத் தீபாவளி வரைக்கும் ஒரு பிள்ளை தலையில் கட்டக் கூடாது என்பதுதான் எங்கள் வாதம். விடுமுறை முழுக்க, அல்லது பள்ளி திறந்த பிறகும் வாராவாரம் தொடரப்போகும் கதை என்றால் 27 புள்ளியோ சீட்டோ பொதுத் தொகுதியோ, மூன்றில் ஒன்றைக் குழுவே தேர்ந்துகொள்ளட்டும்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் திருத்திய விலைப்பட்டியலை, 8 முதல் 15 வரை எட்டு வரிகளாக, ஒரு சிறு கட்டத்தில் அச்சிட்டு உதவ வேண்டுகிறோம். இடமிருந்தால் பக்கத்திலேயே 18 சீட்டுக் கணக்கையும் போடலாம். முந்தைய கட்டுரையைக் கத்தரித்து வைத்திருப்பவர்கள் அதன் மேலேயே ஒட்டிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
மேசை விளையாட்டு ஆர்வலர்கள் சிலர்,
அஸ்தம்பட்டி, சேலம்.